பிங்க் பேப்பரில் இருந்த பத்து நாள்

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி, கலிபோர்னியாவில், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதானேன். இதை இப்படி நேராக ஒரு வரியில் எழுத எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. தப்பு என்னுடையது. நாலு பீர் குடித்துவிட்டு, "பத்து நிமிஷ தூரம்தானே" என்று சாவியை எடுத்தது நான்தான். அதே வண்டியின் பின் சீட்டில் என் நாலு வயசு மகளின் கார் சீட் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் லைசென்ஸ் விஷயத்தில் என்ன நடக்கும், எது எத்தனை நாளுக்குள் செய்யணும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை, வெட்கம். நம் ஆட்கள் இங்கே இத்தனை பேர் இருக்கிறார்கள், இப்படி மாட்டியவர்களும் நிச்சயம் இருப்பார்கள், ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. நானாவது சொல்லிவிடுகிறேன்.

அன்று டீமில் ஒருத்தருக்கு வழியனுப்பு விழா. சான் ஹோசே வடக்குப் பக்கம் ஒரு ரெஸ்டாரன்ட். ஏழு மணிக்கு ஆரம்பித்தது பதினொன்றரைக்கு முடிந்தது. 880 ஹைவேயில் வந்து ஃப்ரீமான்ட்டில் இறங்கி, வீட்டுக்கு ரெண்டு சிக்னல் இருக்கும்போது கண்ணாடியில் சிவப்பும் நீலமும் தெரிந்தது. லேன் கோட்டை ரெண்டு தடவை தொட்டீர்கள் என்றார் போலீஸ்காரர். குடித்தீர்களா என்று கேட்டார். "ரெண்டு பீர்" என்றேன். அந்த ரெண்டு பீர் பின்னால் ரிப்போர்ட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்புறம் ரோட்டோரம் நிற்க வைத்து, பேனா முனையைக் கண்ணால் தொடரச் சொன்னார், ஒன்பது அடி குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் நடந்து திரும்பச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். மார்ச் குளிர், உடம்பெல்லாம் நடுக்கம். ஆறாவது அடியில் கையை விரித்துவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு அன்று தெரியாதது. ரோட்டோரம் செய்யச் சொல்லும் அந்த நடை, நிற்பதெல்லாம் கட்டாயம் இல்லை. கைதுக்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டு ஊதச் சொல்லும் சின்ன மெஷினும், 21 வயசுக்கு மேலானவருக்கு, ஏற்கெனவே இதே குற்றத்துக்காக நன்னடத்தைக் காவலில் இல்லாதவருக்கு, கட்டாயம் இல்லை. மரியாதையாக மறுக்கலாம். ஆனால் கைதுக்கு அப்புறம் கேட்கும் மூச்சுப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ வேறு கதை. அதை மறுத்தால், முதல் தடவையாக இருந்தாலும், மறுத்ததற்காக மட்டுமே ஒரு வருஷம் லைசென்ஸ் போகும். இந்த ரெண்டையும் குழப்பிக்கொண்டு ஸ்டேஷனில் "ஊத மாட்டேன்" என்று நின்றவர்களை பின்னால் நான் போன மது வகுப்பில் பார்த்தேன். நான் ஸ்டேஷனில் ஊதினேன். ரத்தத்தில் மது 0.09, 0.08 சதவீதம் என்று வந்தது. சட்டம் சொல்லும் எல்லை 0.08. அந்தக் கோட்டின் மேலேயே நின்றிருந்தேன்.

விடியற்காலை அஞ்சே கால் மணிக்கு வெளியே விட்டார்கள். கைரேகை, போட்டோ எல்லாம் முடிந்தது. பர்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது லைசென்ஸ் கார்டு அதில் இல்லை. அதற்குப் பதிலாக பிங்க் கலரில் ஒரு பேப்பர், மூன்றாக மடித்தது. டி.எஸ் 367 என்று மூலையில் இருந்தது. "இதுதான் உங்கள் தற்காலிக லைசென்ஸ், 30 நாள் செல்லும்" என்று ஒரு வரி சொன்னார்கள். என் தலையில் ஏறியது அந்த 30 மட்டும்தான். சரி, ஒரு மாசம் இருக்கு, கோர்ட் தேதியும் அதற்கப்புறம்தான், பார்த்துக்கொள்ளலாம் என்று பேன்ட் பாக்கெட்டில் திணித்தேன். வீட்டுக்கு ஊபர். மனைவியிடம், ப்ரொடக்‌ஷனில் பிரச்சனை, ராத்திரி முழுக்க ஆபீஸ் என்றேன். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். அதைக் குடிக்க முடியவில்லை. மத்தியானம் போய், போலீஸ் இழுத்துப்போன வண்டிகளை வைக்கும் டோ யார்டில் 412 டாலர் கட்டி வண்டியை எடுத்து வந்தேன்.

அடுத்த ஒரு வாரம் நான் செய்தது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே. ஆபீஸ் போனேன், மீட்டிங்கில் உட்கார்ந்தேன், ராத்திரி தூங்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கம்ப்யூட்டரில் தேடக்கூட பயம், ஆபீஸ் லேப்டாப்பில் பதிவாகிவிடுமோ என்று. ஊரில் அப்பாவிடம் பேசும்போது குரல் மாறிவிடும் என்று அந்த வாரம் போனே பண்ணவில்லை. தெரிந்த ஒருத்தரிடம் "என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சனை" என்று ஆரம்பித்து, அதையும் முடிக்காமல் பேச்சை மாற்றினேன்.

எட்டாவது நாள், சனிக்கிழமை சாயங்காலம், துவைக்கப் போடும் முன் பாக்கெட்டைத் துழாவும்போது அந்தப் பேப்பர் என் மனைவியின் கையில் கிடைத்தது. ஹாலுக்கு வந்து நின்றாள். கத்தவில்லை, அழவில்லை. மடிப்பைப் பிரித்து, சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, கையால் நீவிவிட்டு, முழுசும் படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்து, "ஏங்க, ஹியரிங் கேக்கறதுக்குப் பத்து நாள்னு போட்டிருக்கே, பார்த்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை. எட்டு நாளாக என் பாக்கெட்டில் இருந்த பேப்பரை நான் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அப்புறம்தான் அழுதாள். "எங்கிட்ட சொல்லலைன்னா வேற யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விஷயம் என்னவென்றால், ஒரே ராத்திரி, ஒரே கைது, ஆனால் ரெண்டு தனித்தனி வழக்கு. ஒன்று கோர்ட்டில், குற்ற வழக்கு. இன்னொன்று டி.எம்.வி-யில், அதாவது லைசென்ஸ் கொடுக்கும் மாநில அரசுத் துறையில், லைசென்ஸ் பற்றி மட்டும். கோர்ட் தீர்ப்புக்காக டி.எம்.வி காத்திருக்காது. பேப்பர் கையில் கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் நாம் ஹியரிங், அதாவது விசாரணை, கேட்டால்தான் உண்டு. கேட்காவிட்டால் 30-வது நாள் முடிந்ததும் லைசென்ஸ் தானாக நாலு மாசம் முடங்கும், 21 வயசுக்கு மேலானவருக்கு முதல் தடவை என்றால். பத்து நாள் என்பது காலண்டர் நாள். சனியும் ஞாயிறும் அதில் சேர்த்தி. எனக்குப் பத்தாவது நாள் திங்கட்கிழமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு நாளை நான் வாழ்க்கையில் கழித்ததில்லை. எல்லா ஆபீஸும் மூடியிருந்தது. நானும் அவளும் உட்கார்ந்து ஒரு கடிதம் டைப் பண்ணினோம். பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் நம்பர், கைதான தேதி, எந்த ஊர் போலீஸ். அதற்குக் கீழே மூன்று விஷயம் கேட்டோம்: ஹியரிங் வேண்டும், ஹியரிங் முடிவு வரும்வரை முடக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும், என்மேல் உள்ள ஆதாரங்களின் நகல் வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்பது முக்கியம். ஹியரிங் மட்டும் கேட்டுவிட்டு, நிறுத்தி வைக்கச் சொல்லாமல் விட்டால் தேதி வருவதற்குள் 30 நாள் ஓடிவிடலாம். திங்கள் காலை எட்டு மணிக்கே டி.எம்.வி-யின் டிரைவர் சேஃப்டி பிரிவுக்கு போன் போட்டேன். வரிசையில் 50 நிமிஷம். இன்னொரு பக்கம் மனைவி ஒரு பார்சல் கடைக்குப் போய் அதே கடிதத்தை ஃபேக்ஸ் பண்ணி, போய்ச்சேர்ந்ததற்கான சீட்டை நேரத்தோடு வாங்கி வந்தாள். 9:14 என்று அதில் இருந்தது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். போனில் பேசினாலும் சரி, எழுத்தில் ஒரு சாட்சி கையில் இருக்கட்டும். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் ஹியரிங் தேதியும், அதுவரை ஓட்டலாம் என்ற கடிதமும் வந்தது.

வக்கீல் விஷயம். மூன்று பேரிடம் பேசினேன். ஒருத்தர் ரெண்டு வழக்கும் சேர்த்து 7,500 டாலர் என்றார். இன்னொருத்தர் கோர்ட்டுக்கு மட்டும் 3,500. டி.எம்.வி ஹியரிங்குக்கு வக்கீல் கட்டாயம் இல்லை, நாமே பேசலாம். நான் காசு மிச்சம் பிடிக்க நினைத்து ரெண்டாமவரை எடுத்துக்கொண்டு டி.எம்.வி பக்கத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இன்று கேட்டால், ரெண்டுக்கும் ஒரே ஆளை வையுங்கள் என்பேன். காசு முடியாது என்றால், ஹியரிங்குக்கு முன் ஒரு மணி நேரமாவது காசு கொடுத்து ஆலோசனை கேளுங்கள்.

ஆதாரக் கட்டு வந்தபோது மொத்தம் 19 பக்கம். போலீஸ்காரரின் பிரமாணம், ரிப்போர்ட், மெஷினின் பிரின்ட், என் டிரைவிங் ரெக்கார்டு. மூச்சு மெஷினுக்குக் கலிபோர்னியாவில் விதிகள் உண்டு. ஊதுவதற்கு முன் 15 நிமிஷம் தொடர்ந்து ஆளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அவர் சாப்பிடவோ குடிக்கவோ வாந்தி எடுக்கவோ புகைக்கவோ கூடாது. வயிற்றிலிருந்து ஏப்பமாகவோ வாந்தியாகவோ மேலே வந்த மது வாயில் தங்கியிருந்தால் அளவு கூடிக் காட்டும், அதனால். ரெண்டு தடவை ஊதியதும் 0.02-க்குள் ஒத்துப்போக வேண்டும். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பத்து நாளுக்கு ஒரு தடவை, அல்லது 150 பேருக்கு ஒரு தடவை, எது முந்தியோ அப்போது பார்த்திருக்க வேண்டும். நான் பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நேரமாக ஓரத்தில் எழுதினேன். ரிப்போர்ட்டின் நாலாம் பக்கத்தில், ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது 12:58. மெஷின் பிரின்டில் முதல் ஊதல் 1:06. எட்டு நிமிஷம். என் கை நடுங்கியது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஹியரிங் போனில். கார் பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்து பேசினேன், ஆபீஸில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று. முதல் பத்து நிமிஷம் நான் என் வேலையைப் பற்றியும், மகளைப் பள்ளியில் விடுவதைப் பற்றியும், இதுவரை ஒரு டிக்கெட்கூட வாங்கியதில்லை என்றும் பேசினேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் இங்கே எடுத்துக்கொள்ள முடியாது என்றார். உண்மைதான். அங்கே பார்ப்பது மூன்றே கேள்வி. நான் குடித்து ஓட்டினேன் என்று நம்ப போலீஸ்காரருக்கு நியாயமான காரணம் இருந்ததா, கைது சட்டப்படி நடந்ததா, ஓட்டும்போது என் ரத்தத்தில் 0.08 அல்லது அதற்கு மேல் இருந்ததா. வேலை போகும், குடும்பம் கஷ்டப்படும் என்பதற்கு அங்கே எடை கிடையாது. இந்த மூன்றில் எதை உடைக்கப் போகிறோம் என்று தெரியாமல் போனால் நேரம் வீண். அளவுகோலும் கோர்ட் மாதிரி இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று தராசு கொஞ்சம் சாய்ந்தாலே போதும்.

எட்டு நிமிஷத்தைச் சொன்னேன். போலீஸ்காரரின் பிரமாணத்தில் 15 நிமிஷம் கவனித்ததாக எழுதிக் கையெழுத்து இருக்கிறதே என்றார். வண்டியில் வந்த நேரத்தையும் சேர்த்திருக்கலாம் அல்லவா என்றார். வண்டியில் அவர் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தார், நான் பின்னால் கம்பிக்கு அந்தப் பக்கம், அதெப்படிக் கவனிப்பது என்றேன். ஆனால் அதை அவரிடம் கேட்டு வாங்க அவர் அங்கே இல்லை. வர வைக்க வேண்டியது என் வேலை. சாட்சியாக வரச் சொல்லும் சப்பீனா உத்தரவைக் கொடுத்து, அதற்கான கட்டணத்தையும் கட்டி, நான்தான் அவரை அழைத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்ட பிரமாணம் ஒரு பக்கம், என் வாய்ச்சொல் ஒரு பக்கம். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தோற்றுவிட்டேன்.

ஹியரிங் கேட்பவர்களுக்கு இன்னொரு தகவல். டி.எம்.வி தரப்பு ஆதாரத்தை எடுத்து வைப்பதும் தீர்ப்பு சொல்வதும் ஒரே ஆளாக இருந்தால் அது முறையான விசாரணை ஆகாது என்று 2022-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் ஹியரிங்கில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கவனித்துக் கேளுங்கள், எல்லாம் பதிவாகும். தோற்றால் 30 நாளுக்குள் சுப்பீரியர் கோர்ட்டில் மறுபரிசீலனை கேட்கலாம். நான் போகவில்லை, கையில் பணமும் தெம்பும் தீர்ந்திருந்தது.

ஆனாலும் ஹியரிங் கேட்டது வீண் இல்லை. ஒன்று, கைதானதிலிருந்து கடிதம் வரும்வரை ரெண்டரை மாசம் வண்டி ஓட்டி, வேலைக்கு மாற்று ஏற்பாடு செய்ய முடிந்தது. ரெண்டு, நான் பென்சிலில் குறித்த அந்த 19 பக்கத்தை வக்கீல் வாங்கிப் பார்த்தார். "இதை எங்கிட்ட முதல்லயே காட்டியிருக்கணும்" என்றார். அந்த எட்டு நிமிஷமும், 0.08 என்ற எண்ணும் அரசுத் தரப்பு வக்கீலிடம் பேச உதவியது. குடித்து ஓட்டிய குற்றத்துக்குப் பதில், மது சம்பந்தப்பட்ட கவனக்குறைவான ஓட்டுதல் என்று குறைத்துக்கொண்டார்கள், இங்கே 'வெட் ரெக்லெஸ்' என்பார்கள். அது குற்றமில்லை என்று ஆகாது. பத்து வருஷத்துக்குள் மறுபடி மாட்டினால் இதை முதல் தடவை என்று வைத்து, அதை ரெண்டாவதாகத்தான் எண்ணுவார்கள். ஆனால் கோர்ட் வழியாக வரும் ஆறு மாச முடக்கம் அதில் இல்லை. டி.எம்.வி-யின் நாலு மாசம் மட்டும் அப்படியே நின்றது. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கோர்ட்டில் வழக்கைக் குறைத்துவிட்டால் லைசென்ஸ் தானாகத் திரும்பி வராது.

நாலு மாசத்தையும் வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டாம். ரெண்டு வழி இருக்கிறது. ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் கருவியை வண்டியில் பொருத்திக்கொண்டு உடனேயே ஓட்டலாம். இல்லையென்றால் 30 நாள் சுத்தமாக ஓட்டாமல் இருந்துவிட்டு, அதற்கப்புறம் அஞ்சு மாசம் வேலைக்கும் வகுப்புக்கும் மட்டும் ஓட்டலாம். ரெண்டுக்குமே மது வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும், எனக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று காட்டும் எஸ்.ஆர் 22 சான்றை இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பியிருக்க வேண்டும், 125 டாலர் கட்ட வேண்டும். மகள் "அது என்னப்பா?" என்று கேட்பாள் என்பதற்காகவே நான் ரெண்டாவதை எடுத்தேன். 30 நாளும் வார்ம் ஸ்பிரிங்ஸில் பார்ட் ரயில் ஏறி மில்பிடாஸில் இறங்கி லைட் ரெயில். மகளைப் பள்ளியில் விடுவது முழுக்க மனைவி தலையில் விழுந்தது. வேலைக்கு மட்டும் என்றால் வேலைக்கு மட்டும்தான், மளிகைக் கடையில்கூட நிறுத்தவில்லை.

கடைசியாக, நம்மைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு. கைதான மூன்றாவது வாரம், விசா கொடுத்த தூதரகத்திலிருந்து மெயில் வந்தது, என் ஹெச்1பி வேலை விசா முத்திரை ரத்து என்று. கைது ஒன்றே இதற்குப் போதும், தண்டனை வர வேண்டியதில்லை. 2015-லிருந்து இப்படித்தான் நடைமுறை. அந்த மெயில் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது, தற்செயலாகப் பார்த்தேன். பயந்து வேலையை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும்வரை தங்கும் அனுமதியும் வேலை அனுமதியும் அதனால் போகாது. ஆனால் வெளியே போனால் புது விசா வாங்காமல் திரும்ப முடியாது. அதற்கு, தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனையும் இருக்கும். இனி விசா, கிரீன் கார்டு என்று எந்தப் படிவத்தில் கைதானதுண்டா என்று கேட்டாலும் ஆமாம் என்றே எழுத வேண்டும். இதற்கென்று ஒரு இமிக்ரேஷன் வக்கீலைத் தனியாகப் பாருங்கள், குற்ற வழக்கு வக்கீலுக்கு இது தெரிய வேண்டும் என்று இல்லை.

ஜூன் மாசம் திருக்கடையூரில் அப்பாவுக்குப் பீமரத சாந்தி. டிக்கெட்டை ரத்து பண்ணினேன். தங்கை போனைத் தூக்கிப் பிடித்தாள், கலச தீர்த்தம் ஊற்றும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முடிந்ததும் "லீவு கிடைக்கலைன்னா என்னப்பா பண்றது, உடம்பைப் பார்த்துக்கோ" என்றார். அன்று சாயங்காலம்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

இதுவரை டோ, வக்கீல், அபராதம், வகுப்பு, ஊபர், கூடிப்போன இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்பதரை ஆயிரம் டாலர் ஆகியிருக்கிறது. கோர்ட் தீர்ப்பின் முத்திரையிட்ட நகல் ரெண்டு, வகுப்பு முடித்த சான்றிதழ், அபராதம் கட்டிய ரசீது, எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். டிசம்பரில் சென்னைக்கு விசா நேர்காணலுக்குப் போகிறேன். அந்த பிங்க் பேப்பரின் நகலும் அதிலேயே இருக்கிறது, பத்து நாள் என்ற வரிக்குக் கீழே என் மனைவி போட்ட பேனாக் கோட்டோடு.